அவருக்கு நினைவில்லாததை நான் எப்படி மன்னிப்பது?

குமரிக்கரை எழுதியது:

என் கணவர் குடியை விட்டுவிட்டார். போன லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், மருத்துவமனையில் சேர்த்தோம். அதன்பின் இன்றுவரை தொடவில்லை. இங்கே எழுதும் சகோதரிகளில் பலர், கணவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து எழுதுகிறீர்கள். உங்கள் முன்னால் என் குறையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கேட்பதற்கு வேறு இடம் இல்லை.

நாங்கள் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. அவர் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறார். முதலில் சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிந்த பிறகுதான் குடிப்பார். பிறகு கிழமைக் கணக்கு போய்விட்டது. கடைசி ஆண்டுகளில் பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்போதே வாசலில் நிற்பார். என் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது அந்தக் காலத்தில்தான்.

இப்போது சபையில் எல்லோரும் அவரைப் பற்றித்தான் மகிழ்ச்சியோடு பேசுகிறார்கள். வரப்போகும் கன்வென்ஷன் கூட்டத்தில் நாங்கள் இருவரும் மேடையேறி, கர்த்தர் எங்கள் வீட்டில் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்கிறார். "அம்மா, நீங்கள் மன்னித்ததும் சேர்ந்தால்தான் சாட்சி முழுமையாகும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் மகள் தன் விசுவாசத்தைச் சபைக்கு முன் உறுதிசெய்த திடப்படுத்தல் ஆராதனையின்போது, பேராயர் கைவைத்து ஜெபித்த பிறகு ஆலயத்தின் முன் எடுத்த படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் இவர் நேராக நிற்கிறார். அன்று மதியம் உறவினர்கள் பந்தியில் அமர்ந்திருந்தபோது குடித்துவிட்டு வந்தார். பிரியாணி அண்டாவை உதைத்துக் கவிழ்த்தார். தடுக்க வந்த என் அப்பாவை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். வெள்ளை உடுப்பில் நின்ற பிள்ளையைப் பார்த்து, எந்தத் தகப்பனும் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னார். அதன்பின் என் அப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. இரண்டாம் ஆண்டில் காலமாகிவிட்டார்.

இதில் எதுவும் இவருக்கு நினைவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி "எவ்வளவு நல்ல நாள் அது" என்கிறார். நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும். அவரைப் பொறுத்தவரை அந்த நாள் அந்தப் படத்தோடு முடிந்துவிட்டது. அப்போதெல்லாம் மகள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே "எல்லாவற்றுக்கும் என்னை மன்னித்துவிடு" என்று அழுதார். நானும் சரி என்றேன். அந்த 'எல்லாவற்றிலும்' என்னென்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பரமண்டல ஜெபத்தில் 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடம் வந்தால் எனக்குக் குரல் எழவில்லை. பக்கத்தில் அவர் உரக்கச் சொல்கிறார்.

சொல்லிவிடலாமா என்று நினைக்கும்போது வேதாகமத்தில் வரும் அபிகாயில் நினைவுக்கு வருகிறாள். அவள் கணவன் நாபால் குடித்து வெறித்திருந்த இரவில் அவள் வாய் திறக்கவில்லை. விடிந்து மது இறங்கியபின் நடந்ததைச் சொன்னாள். கேட்டதும் அவன் இருதயம் செத்து, கல்லைப்போல் ஆனான். பத்து நாளில் இறந்தும் போனான். நான் சொன்னால் இவர் மறுபடி குடித்துவிடுவாரோ என்று பயப்படுகிறேன். சொல்லாமல் மேடையேறினால் கர்த்தருக்கு முன்பாகப் பொய் சொன்னவளாவேன்.

கிருபை_போதும் எழுதியது:

மகளே, நான் பாளையங்கோட்டைக்காரி, எழுபதைத் தாண்டியவள். நீ என்றே கூப்பிடுகிறேன், பொறுத்துக்கொள்.

என் வீட்டுக்காரர் குடியை விடவே இல்லை. கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து, இரத்த வாந்தி எடுத்து இறந்தார். மன்னித்துவிடு என்ற ஒரு வார்த்தைக்காகக் கடைசிவரை காத்திருந்தேன். வரவில்லை. பெட்டியை மூடும் முன் அவர் நெற்றியில் கைவைத்து, உமக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது என்று சொன்னேன். அன்றிலிருந்துதான் என்னால் தூங்க முடிந்தது. மன்னிப்பதற்கு எதிரில் இருப்பவரின் நினைவு தேவையில்லை, மகளே. எத்தனை தரம் மன்னிக்கலாம், ஏழு தரமா என்று சீஷன் பேதுரு கேட்டபோது, ஏழெழுபது தரம் என்றார் ஆண்டவர். பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்ததையும் அதே இடத்தில்தான் சொன்னார்.

உன் கணவர் தெளிந்த கண்ணோடு உன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறார். எனக்குக் கிடைக்காதது அது. பழையதைக் கிளறாதே.

செங்காந்தள் எழுதியது:

அம்மா, நீங்கள் பட்டதற்கு முன்னால் தலைகுனிகிறேன். ஆனால் இறந்துபோனவரை மன்னிப்பதும், இன்று இரவு கதவைத் தட்டி உள்ளே வரப்போகிறவரை மன்னிப்பதும் ஒன்றல்ல.

குமரிக்கரை அக்கா, நான் தருமபுரிப் பக்கம், இந்துக் குடும்பம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு கார்த்திகையும் அவர் சபரிமலைக்கு மாலை போடுவார். 41 நாள் விரதம். ஒரு சொட்டு தொடமாட்டார். தெருவே அவரைச் சாமி என்று கும்பிடும். நான் விடிவதற்கு முன்னே எழுந்து குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, வீட்டைக் கழுவி, பூசைக்கு எடுத்து வைப்பேன். அந்த விரதத்தில் பாதி என்னுடையது. என் மாமியார்கூட அதைச் சொன்னதில்லை. மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடைக்குப் போய்விடுவார். அடுத்த நாள் கேட்டால் "41 நாள் இருந்தேனே, அது கண்ணுக்குத் தெரியவில்லையா" என்பார்.

உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. அவர் உண்மையாகவே விட்டிருக்கிறார், அதற்காக மனதார மகிழ்கிறேன். நான் சொல்ல வருவது ஊர் கும்பிடுவதைப் பற்றி. குடியை விட்டவரை எல்லோரும் கைகூப்பும்போது, பக்கத்தில் நிற்கும் மனைவி தன் காயத்தைச் சொன்னால் அவள்தான் கல்நெஞ்சக்காரி ஆகிவிடுகிறாள். மேடை ஏறாதீர்கள் அக்கா. "எனக்கு இன்னும் நேரம் வேண்டும்" என்று போதகரிடம் சொன்னால் போதும்.

செவிலி_வேலூர் எழுதியது:

மனநலப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். நினைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பல குடும்பங்களில் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

இரத்தத்தில் மதுவின் அளவு சட்டென்று ஏறும்போது, மூளையில் புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேலை செய்வதை நிறுத்திவிடும். வெறும் வயிற்றில் வேகமாகக் குடிப்பவர்களுக்கு இது அதிகம். இது மயங்கி விழுவது அல்ல. அந்த நேரத்தில் அவர் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார், வண்டிகூட ஓட்டுவார். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்துதான் செய்கிறார் என்றே தோன்றும். ஆனால் எதுவும் பதிவாவதில்லை. சிலருக்குத் துண்டு துண்டாக மிஞ்சும், யாராவது எடுத்துச் சொன்னால் கொஞ்சம் ஞாபகம் வரும். சிலருக்கு அந்த மணிநேரங்கள் முழுவதும் வெறுமையாகவே இருக்கும். பதிவே ஆகாததால் அது பிறகு திரும்பி வராது. அதனால், அவருக்கு என்றாவது ஞாபகம் வரும், வந்து அவராகவே கேட்பார் என்று நீங்கள் காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம்.

நினைவில்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகாது. அவர் செய்ததை அவர் தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே வழி நீங்களும் உங்கள் மகளும்தான். ஆனால் வீட்டில், கோபம் வந்த ஒரு ராத்திரியில் சொல்லாதீர்கள். அவர் சிகிச்சை பெற்ற இடத்தில் ஆலோசகர் இருப்பார். முன்கூட்டியே அவரிடம் பேசி, அந்த அறையில், மூவராக உட்கார்ந்து சொல்லுங்கள். இன்னொன்று: விட்ட முதல் ஆண்டில் மறுபடி குடிக்கும் ஆபத்து எல்லோருக்கும் உண்டு. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் அந்த ஆபத்து குறைந்துவிடாது.

உங்களையும் யாராவது கவனிக்க வேண்டும். சென்னையில் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நிறுவிய சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார். நோயாளியோடு சேர்த்து அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை அங்கே தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தினார்கள். மனைவிக்கு வரும் தூக்கமின்மை, படபடப்பு, எதிலும் நம்பிக்கை வராத நிலை ஆகியவை கணவர் குடியை விட்ட மறுநாளே நின்றுவிடுவதில்லை.

மூத்தமகள் எழுதியது:

அந்தப் பிள்ளையின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா குடியை விட்டபோது எனக்குப் பதினாறு வயது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "அப்பா திருந்திவிட்டார், நீ இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்" என்றார்கள். அவர் குடித்த காலத்தில் அவருக்குப் பயந்து வாயை மூடினேன்; விட்ட காலத்தில் அவர் மறுபடி குடித்துவிடுவார் என்று பயந்து வாயை மூடினேன். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

ஆன்ட்டி, உங்கள் மகளிடம் கேட்டீர்களா? நீங்கள் உங்கள் பங்கை மன்னிக்கலாம். உங்கள் அப்பாவுக்குச் செய்ததையும் ஒருவேளை மன்னிக்கலாம். பிள்ளையைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தையை மன்னிக்க உங்களுக்கு உரிமை இல்லை. அது அவளுடையது. நீங்கள் மேடையில் 'நாங்கள் மன்னித்தோம்' என்று சொன்னால் அவள் பெயரிலும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

குமரிக்கரை எழுதியது:

மூத்தமகள், நீ எழுதியதை வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவளிடம் நான் கேட்கவில்லை. அவள் பிளஸ் டூ படிக்கிறாள், தேர்வு நேரத்தில் வேண்டாம் என்று நினைத்தேன்.

செங்காந்தள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: அவர் என்மீது கைவைத்ததில்லை. அதனாலேயே "உனக்கென்ன, அடிக்காத மனுஷன்" என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். அடிக்காத வீட்டிலும் எத்தனையோ நடக்கிறது. இப்போதும் இரவு அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்குப் போய், பையை வாங்குகிற சாக்கில் மூச்சை முகர்ந்து பார்க்கிறேன். அவருக்கு அது தெரியும். வாயைச் சற்றுத் திறந்தபடியே நிற்பார், நான் பார்த்து முடிக்கட்டும் என்று. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நிதானம் எழுதியது:

சகோதரி, நான் மதுரை. குடிநோயாளி. பல ஆண்டுகளாகக் குடிக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வேன். குடியிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறவன். வாயைத் திறந்தபடி நிற்பார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும் உங்கள் கணவர்மீது எனக்கு நம்பிக்கை வந்தது. நானும் அப்படி நின்றிருக்கிறேன். அது அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் யார் என்று தெரிந்தவன்தான் அப்படி நிற்பான்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு குடிகாரர்கள், ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து ஆரம்பித்தது எங்கள் இயக்கம். பன்னிரண்டு படிகள். அதில் எட்டாவது, நாம் தீங்கு செய்தவர்கள் அனைவரின் பட்டியலை எழுதுவது. ஒன்பதாவது, அவர்களிடம் நேரில் போய் முடிந்தவரை ஈடு செய்வது; அப்படிச் செய்வது அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ கேடாகும் என்றால் மட்டும் விலக்கு. 'எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடு' என்பது இந்தப் படிகளில் எங்கும் இல்லை. அதைச் சொல்வது எங்களுக்கு மிகவும் எளிது. அழுதுகொண்டே சொல்லலாம், சொன்ன மறுநிமிடம் மனம் இலேசாகிவிடும். கேட்கிறவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது உனக்கு நினைவிருப்பது. நினைவில்லாததை யாரிடம் கேட்கப் போகிறாய்?" என்றார். அதனால் நான்தான் என் மனைவியிடம் போய்க் கேட்டேன், "நான் செய்தது, எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?" என்று. சகோதரி, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது உங்கள் கணவர். சொல்லலாமா வேண்டாமா என்ற பாரத்தை நீங்கள் சுமக்கிறீர்கள். அதுவும் அவர் சுமக்க வேண்டியதுதான். அவருடைய ஆலோசகர் மூலமாகவோ கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் மூலமாகவோ அவரைக் கேட்க வைக்கலாம்.

கேட்டால் தாங்குவாரா? என் மனைவி சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. இரவெல்லாம் தூங்கவில்லை. குடிக்க வேண்டும் என்றும் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். நள்ளிரவில் என் வழிகாட்டியைக் கூப்பிட்டேன், அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அதனால்தான் செவிலியம்மா சொன்னது முக்கியம்: அவருக்குத் துணையை ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்லுங்கள். அப்படியும் அவர் குடித்தால், குடித்தது அவர். குடும்பத்தார் கூட்டங்களில் முதலில் கற்றுத்தருவது இதைத்தான்: இதற்குக் காரணம் நானல்ல, இதைக் கட்டுப்படுத்த என்னால் முடியாது, இதைக் குணமாக்கவும் என்னால் முடியாது.

அந்தக் குடும்பத்தார் இயக்கம், அல்-அனான், 1951-ல் உருவானது. தொடங்கியவர்களில் ஒருவர் அந்தப் பங்குத் தரகரின் மனைவி லோயிஸ். கணவர் குடியை விட்ட பிறகு ஒரு நாள், கூட்டத்துக்கு நேரமாகிறது கிளம்பு என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது, லோயிஸ் தன் காலணியைக் கழற்றி அவர்மேல் எறிந்தார். குடித்துச் சீரழிந்த காலமெல்லாம் தாங்கியவர், குடியை விட்ட பிறகு எறிந்தார். தனக்கும் உதவி வேண்டும் என்று அவர் உணர்ந்தது அன்றுதான். நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு அந்தக் காலணிதான் நினைவுக்கு வந்தது.

மேடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை, வானொலி, திரைப்படம் என்று பொதுவெளியில் எங்கள் பெயரையும் முகத்தையும் காட்டுவதில்லை என்பது எங்கள் மரபுகளில் ஒன்று. சபை மேடை வேறுதான், ஆனாலும் விட்ட புதிதில் கைத்தட்டல் நல்லதல்ல. பிறகு தடுக்கி விழுந்தால் அந்தக் கைத்தட்டலுக்குப் பயந்தே மறைப்பார்.

பூண்டி_யாத்ரீகன் எழுதியது:

நான் கத்தோலிக்கன், ஓய்வுபெற்ற ஆசிரியன். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் எங்கள் பாவசங்கீர்த்தனத்தில் 'எல்லாப் பாவங்களுக்கும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட முடியாது. கனமான பாவங்களை இன்னது, இத்தனை முறை என்று சொல்ல வேண்டும். மனஸ்தாபம், அதாவது செய்ததற்காக உள்ளபடியே வருந்துவது, வேண்டும்; பரிகாரமும் வேண்டும். சிறுவயதில் அது எனக்குக் கடுமையாகத் தோன்றியது. இப்போது அதில் இருக்கும் இரக்கம் புரிகிறது: சொல்லப்பட்ட பாவத்துக்குத்தான் மன்னிப்பு என்ற பதிலைச் சொல்ல முடியும்.

டப்ளின் நகரில் மேட் டால்பட் என்ற கூலித் தொழிலாளி இருந்தார், 1856-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே குடிக்கத் தொடங்கி, 1884-ல் விட்டார். முதலில் மூன்று மாதத்துக்குத்தான் பிரமாணம் எடுத்தார், பிறகு வாழ்நாள் முழுவதும் காத்தார். குடித்த காலத்தில் ஒரு தெருப் பாடகரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்திருந்தார். விட்ட பிறகு அந்த மனிதரைத் தேடி டப்ளின் தெருக்களில் அலைந்தார். கிடைக்கவில்லை. 1975-ல் திருச்சபை அவரை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படிகளில் ஒன்றான, வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. குடிநோயிலிருந்து மீள்கிறவர்கள் அவரிடம் மன்றாடுகிறார்கள். அவர் செய்த தபசுகளைவிட, அந்தப் பிடில்காரரைத் தேடி அலைந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பாளையங்கோட்டை அம்மா பேதுருவைச் சொன்னார்கள். யோவான் நற்செய்தியில் அதே பேதுரு பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்புக்குப் பக்கத்தில் நின்று ஆண்டவரை மறுதலிக்கிறார், மூன்று தரம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவரைச் சந்திக்கும்போது அங்கேயும் கரிநெருப்பு போட்டு மீன் வைத்திருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் மூன்று தரம் கேட்கிறார், "என்னை நேசிக்கிறாயா?" மூன்றாம் தரம் பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. ஆண்டவர் நடந்ததை மறைத்துவிட்டு மன்னிக்கவில்லை. அந்த இடத்துக்கே திரும்ப அழைத்துப் போனார், ஆனால் முதலில் சாப்பாடு போட்டார்.

கிருபை_போதும் எழுதியது:

ஐயா, அந்த இரண்டு கரிநெருப்பையும் இத்தனை வருஷம் சேர்த்து வாசித்ததில்லை. இரவு வேதாகமத்தை எடுத்து இரண்டு அதிகாரத்தையும் பார்த்தேன்.

மன்னிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. கசப்பு உள்ளே இருந்தால் அது நம்மைத்தான் அரிக்கும், அதை நான் அனுபவித்தவள். ஆனால் ஒன்று யோசிக்கிறேன். அவர் நெற்றியில் கைவைத்துச் சொன்னபோது என் மகனும் பக்கத்தில் நின்றான். அவன் அப்பாவைப் பற்றி இன்றுவரை பேசுவதில்லை. ஊருக்கு வந்தால் கல்லறைக்கு வரமாட்டான். மூத்தமகள் எழுதியதை வாசித்தபின், அவனுக்கும் சேர்த்து நான் கணக்கைத் தீர்த்துவிட்டதாக அவன் நினைத்தானோ என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். கேட்கலாம் என்றிருக்கிறேன்.

மகளே, மேடைக்கு நீ போகாதே. உங்கள் போதகர் நல்லவராக இருந்தால் புரிந்துகொள்வார்.

தேன்மொழி_புதியவர் எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் கணவர் தினமும் குடிக்கிறார், சிகிச்சைக்கு வரமாட்டேன் என்கிறார். தெரியாமல் சாப்பாட்டில் கலந்தால் குடியை வெறுத்துவிடுவார் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா? இல்லையென்றால் இந்த வருஷம் மாலை போடச் சொல்லி அப்படியே நிறுத்தவைக்கலாமா?

செவிலி_வேலூர் எழுதியது:

பொடி வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, நாளைக்கு ஏதாவது ஆனால் மருத்துவருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்கூட நோயாளிக்குத் தெரிவித்து, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஒளித்துக் கொடுத்தால், அவர் அன்றைக்கும் குடிப்பார். விளைவை நினைத்துப் பாருங்கள்.

மாலை போடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல் எல்லாம் வந்தால் அது அவசர நிலை. 'சாமி வந்திருக்கிறது' என்று வீட்டிலேயே வைத்திருந்து, மிகத் தாமதமாக எங்களிடம் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். விரதம் இருக்கட்டும். அதற்கு முன் மருத்துவரைப் பார்த்து, பாதுகாப்பாக நிறுத்திவிட்டு மாலை போடட்டும். பி1 வைட்டமினும் கொடுப்பார்கள், மூளையைக் காக்க அது அவசியம்.

அவர் வரவில்லை என்றாலும் நீங்கள் தனியாகப் போய் ஆலோசகரைப் பார்க்கலாம்.

நெறியாளர்:

இழையில் மருத்துவர், போதகர், மருத்துவமனை பெயர்களை வைத்துக் குறை எழுத வேண்டாம். வீட்டில் வன்முறை இருந்தால் பெண்கள் உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு 14416. போதை மீட்பு உதவிக்கு 14446.

செங்காந்தள் எழுதியது:

தேன்மொழி, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிப்பதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, உங்கள் நகையை எடுத்து விற்பது, நாள்தோறும் இழிவாகப் பேசுவது எல்லாம் அதில் வரும். தேவைப்பட்டால் அவரை வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொல்லியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். நான் அந்த வழியாகத்தான் வந்தேன். இதற்கும் மன்னிப்புக்கும் பகை இல்லை. இப்போது என் கணவருக்கு உடம்பு முடியாமல் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அவருக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன். என் வீட்டில் அவருக்கு இடமில்லை.

குமரிக்கரை எழுதியது:

நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நேரம் எடுத்து எழுதினீர்கள், தெரிவிக்காமல் இருப்பது முறையல்ல.

மகளிடம் கேட்டேன். தேர்வு முடியட்டும் என்று நான் நினைத்ததே தவறு, அவள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறாள். "அண்டாவையும் தாத்தாவையும் சொல்லுங்கள். என்னைச் சொன்ன வார்த்தையை நீங்கள் சொல்லாதீர்கள். அதை நான் சொல்லும் நாள் வந்தால் நானே சொல்வேன்" என்றாள். சரி என்றேன்.

ஆலோசகர் அவரிடம் முன்பே பேசி, கேட்கும்படி ஆயத்தப்படுத்தியிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அந்த அறையில் உட்கார்ந்தோம். "அன்று மதியம் என்ன நடந்தது?" என்று அவரே கேட்டார். சொன்னேன். அழாமல் சொன்னேன், வரிசையாக, எந்த நாற்காலியில் யார் இருந்தார்கள் என்பது வரை.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா அதனால்தானா வரவில்லை?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் அப்பா வீட்டுக்கு வராததைத் தன்னை மதிக்காததாக எடுத்துக்கொண்டு, வருஷக்கணக்காக இவர் என் அப்பாமீது வன்மம் வைத்திருந்திருக்கிறார். அடக்கத்தின்போது பின்னால் ஒதுங்கி நின்றதும் அதனால்தான். தான் தள்ளிவிட்ட மனிதரையே தன்னை ஒதுக்கியவராக நினைத்துக் குடித்திருக்கிறார். மருத்துவமனையில் தன் குடிக்குக் காரணங்கள் எழுதச் சொன்னபோது அதில் என் அப்பா பெயரையும் எழுதினாராம்.

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்தில், என் அப்பாவைப் பொறுத்தவரை எனக்கு உள்ளே இருந்தது இறங்கிவிட்டது. நான் முயற்சி செய்யவில்லை, தானாக நடந்தது. கர்த்தர் செய்தார் என்றுதான் நம்புகிறேன். மற்றவை இன்னும் இருக்கின்றன. நகை, கடன், நான் பொய் சொல்லிப் பள்ளியில் எடுத்த விடுப்புகள். அவற்றைப் பேச வேறு நாள் குறித்திருக்கிறோம். அடகுச் சீட்டுகளைத் தேடி எடுத்து, எதை எப்போது மீட்பது என்று அவரே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறார்.

அன்று இரவு அவர் வெளியே போகவில்லை. அவர் கூட்டத்துச் சகோதரர் ஒருவர் வந்து எங்களோடு சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் இருந்தார். என் கணவர் கூடத்துப் படத்தைக் கழற்றப் போனார். மகள் வேண்டாம் என்றாள், "அது என் திடப்படுத்தல் படம், இருக்கட்டும்" என்றாள். அவர்கள் இருவரும் அவ்வளவுதான் பேசினார்கள். அவள் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. நான் அவளை நெருக்குவதில்லை.

போதகரிடம் நான் மேடைக்கு வரவில்லை என்று சொன்னேன். காரணத்தையும் ஓரளவு சொன்னேன். அவர் சற்று யோசித்து, இவ்வாண்டு சாட்சி வேண்டாம், பெண்கள் ஐக்கியத்தில் இதைப் போன்ற வீடுகளில் இருக்கும் சகோதரிகளுக்காக ஒரு தனிக் கூடுகை வைக்கலாமா என்று கேட்டார். எங்கள் சபையில் அப்படி எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அவருக்கு இப்போதுதான் தெரிய வருகிறது.

நிதானம் சகோதரரிடம் ஒரு கேள்வி. குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்தில், கணவர் குடியை விட்டுவிட்ட என்னைப்போன்றவர்களைச் சேர்ப்பார்களா? மகள் வரலாமா?

நிதானம் எழுதியது:

சேர்ப்பார்கள் சகோதரி. உறவினரோ நண்பரோ ஒருவருடைய குடியால் பாதிக்கப்பட்டவர் என்பது ஒன்றே போதும். அவர் இப்போது குடிக்கிறாரா, விட்டுவிட்டாரா, இறந்துவிட்டாரா என்று கேட்கமாட்டார்கள். பாளையங்கோட்டை அம்மாவும் போகலாம். எந்த மதத்தவரும் வரலாம், செங்காந்தள் சகோதரிக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். கட்டணம் கிடையாது, பெயரைப் பதிவு செய்வதும் கிடையாது. இளையவர்களுக்கு அல்-அடீன் என்று தனிப் பிரிவு உண்டு. உங்கள் பக்கத்தில் அது இல்லையென்றால் மகள் உங்களோடு பெரியவர்கள் கூட்டத்திலேயே உட்காரலாமா என்று அங்கே கேட்டுப்பாருங்கள்.

உங்கள் கணவர் போகும் கூட்டத்தில் கேட்டால் அருகில் குடும்பத்தார் கூட்டம் எங்கே, என்றைக்கு என்று சொல்வார்கள். முதல் நாள் நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். பஸ்ஸில் போவதாக இருந்தால் முடியும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில ஊர்களில் மாலைக் கூட்டம் முடிய எட்டரை ஆகிவிடும்.